தாமதமும் தருமமும்

சைவ பாடசாலைகளின் மேல்வகுப்புகளில் அளவையிலக்கணங் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் புகையும் நெருப்பும் என்னும் பழைய உதாரணத்தையே எடுத்தாளுகின்றனர். புகையுள்ள அடுக்களையில் நெருப்புண்டு என்பது அன்னுவயம். நெருப்பில்லாத நீர்நிலையிற் புகையில்லை என்பது வெதிரேகம். இவ்விரண்டும் கூடியவிடத்தே அனுமானம் உறுதிப்படும் என்று சொல்லி மேற்செல்லுகின்றோம், மாணாக்கரும் எழுதிக்கொள்ளுகின்றனர். அடுக்களையையும் குளத்தையும் பார்த்து வருதலில் ஒருவர்க்கும் யாதொரு நட்டமுமில்லை. ஆதலின் அவ்வுதாரணம் எவருடைய மனத்தையும் வருத்துவதில்லை. வெதிரேகத்தைக் காணுதற்கு மனிதவுயிர் விலையாக வேண்டியிருப்பின் அதனைத் தேடுதல் தருமமாமோ என்னும் வினா அங்கே எழ இடமேயில்லை. அவ்வினா உண்மையாகவே எழுந்த ஓரிடத்தை நம் ஆசிரியர்கள் முன் வைத்தலே ஈண்டு எம் கருத்து. அவ்விடம் மேற்காபிரிக்காவிலுள்ள கினி தேசம். காலம் 2015ஆம் ஆண்டு.

எபோலா என்னும் நோய் 1976ஆம் ஆண்டிலே, அக்காலத்திற் சயீர் எனப்பட்ட கொங்கோவிலும் சூடானின் தென்பகுதியிலும் முதன்முதல் அறியப்பட்டது. கொங்கோவிலுள்ள ஓர் ஆற்றின் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. நோயாளியின் இரத்தம், வாந்தி முதலியவற்றைத் தீண்டுதலாற் பரவுவதாதலின், நோயாளியைப் பேணும் தாயையும் தாரத்தையும், வைத்தியரையும் தாதியரையும், பிணத்தைக் குளிப்பாட்டும் சுற்றத்தாரையுமே அஃது முதலிற் பற்றும். அருகிருந்து பணிசெய்தவர் எவரோ அவரையே கொல்லும் நோய் என்க. ஏறக்குறைய 40 ஆண்டுகளாக அது வந்தபோதெல்லாம் சில பத்துப் பேரையோ சில நூறு பேரையோ கொன்று அடங்கிற்று. உலகத்தின் நோய்க்கணக்கில் அஃது அரிய நோய்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 2013 டிசம்பரிற் கினியின் காட்டுப்பகுதியிலே தொடங்கிய பரவலோ அவ்வாறு அடங்கவில்லை. லைபீரியா, சியரா லியோன் என்னும் அயல்நாடுகளுட் புகுந்து, தலைநகரங்களையும் பற்றி, 2016இல் ஓய்வதற்குள் 28,600 பேருக்கு மேற்பட்டோரை வருத்தி, 11,300 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது.

அந்நாளில் இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லாமலில்லை. கனடாவின் வினிபெக் நகரிலுள்ள அரசாங்க ஆய்வுகூடத்தார் ஒன்றை ஆக்கி வைத்திருந்தனர். கால்நடைகளைப் பற்றும் வேறொரு வைரசின் புறப்புரதத்தை நீக்கி, அவ்விடத்தில் எபோலா வைரசின் புறப்புரதத்தை அமைத்துச் செய்தது அது. உள்ளே எபோலா இல்லை. போர்வை மாத்திரம் எபோலாவினுடையது. உடல் அப்போர்வையைக் கண்டு எதிர்ப்புச் சத்தியைத் தேடிக்கொள்ளும். பின்னர் மெய்யான பகை வருமிடத்து அப்போர்வையை அடையாளங்கண்டு அதனைத் தாக்கும். இத்தடுப்பூசி ஒருமுறை இட்ட அளவிலே குரங்குகளை எபோலாவிலிருந்து காத்தது என்னும் செய்தி 2005ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. குரங்கைக் காத்தது மனிதனையுங் காக்கும் என்பது உவமையளவை போல்வதொன்று; நம்பிக்கைக்கு இடமாகும், துணிபுக்கு இடமாகாது.

2009ஆம் ஆண்டிலே ஜெர்மனி தேசத்து ஹம்பேர்க் நகரில் ஆய்வாளர் ஒருவரின் கையிலே எபோலா வைரசைக் கையாண்ட ஊசி தவறுதலாகத் தைத்தது. உடனே கனடாவிலிருந்து இத்தடுப்பூசியை ஆகாய மார்க்கமாக வருவித்து 48 மணித்தியாலத்திற்குள் அவருக்கு இட்டனர். அவர் நோயுறவில்லை. தடுப்பூசி அவரைக் காத்ததோ, தைத்த ஊசிமுனையின் வழியே வைரசு உட்செல்லவேயில்லையோ, ஒருவராலுஞ் சொல்ல இயலாது. அன்னுவயம் மாத்திரம் இருந்து வெதிரேகம் இல்லாதவிடத்து அறிவு எவ்வளவு குறையுடையது என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. இச்சம்பவத்தை நம் ஆசிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்; அதனிடத்தே பின்னரும் வருவோம்.

2014இல் நோய் பெருகியபொழுது, ஊசியை எல்லார்க்கும் இட்டுவிட வேண்டியதுதானே என்று பலர் கேட்டனர். அங்ஙனம் இட்டபின் நோய் குறைந்தால் ஊசியினாற் குறைந்ததென்று சொல்வது எங்ஙனம்? எபோலா நோயாளியோடு பழகியவருள்ளும் பெரும்பாலார் நோயுறுவதில்லை. நோயாளரைத் தனிப்படுத்தலாலும் பிணத்தைத் தீண்டாது அடக்கஞ்செய்தலாலும் பரவல் தானே தணிதலும் உண்டு. இவையெல்லாம் ஊசியின் புகழாய்விடும். அன்றி, ஊசியால் விளைந்த கேடு நோயின் கேட்டோடு கலந்து மறைந்துவிடும். லைபீரியாவிலே 1500 பேரை மூன்று கூட்டமாக்கி, இரு கூட்டத்தார்க்கு இருவேறு தடுப்பூசிகளையும், மூன்றாங் கூட்டத்தார்க்கு மருந்தற்ற நீரூசியையும் இட்டு ஆராய்ந்தனர். அதற்குள் அந்நாட்டில் நோய் குறைந்துவிட்டமையால், ஊசி உடலில் எதிர்ப்பை எழுப்புகின்றது என்பது மாத்திரம் தெரிந்தது. நோயைத் தடுக்கின்றதோ என்பது தெரியவில்லை. நீரூசி என்பதைப் பலர் பொறுக்கவுமில்லை. சாவு வாயிலில் நிற்பவனுக்கு வெறுநீரைக் கொடுப்பதா என்றனர்.

கினியில் எடுத்துக்கொண்ட முறை வேறு. பெரியம்மையை உலகத்தினின்றும் ஒழித்த காலத்திலே, வில்லியம் ஃபோஜி என்னும் அமெரிக்க வைத்தியர் 1966இல் கிழக்கு நைஜீரியாவில், ஊசிமருந்து போதாமையாற் கையாண்ட உபாயமொன்று உண்டு. நோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அவரைச் சூழ்ந்தவர்க்கும், அச்சூழ்ந்தவரைச் சூழ்ந்தவர்க்கும் ஊசியிட்டு, நோயைச் சுற்றி ஒரு வளையம் அமைப்பதே அது. வயலில் நெருப்புப் பிடித்தவிடத்து எல்லா வயலுக்கும் நீரிறைப்பாரில்லை. எரியும் இடத்தைச் சுற்றியே இறைப்பர். கினியிலும் எபோலா நோயாளி ஒவ்வொருவரையுஞ் சுற்றி இவ்வாறு வளையங்கள் வகுக்கப்பட்டன. பின்னர் எவ்வளையத்தார்க்கு உடனே ஊசி இடுவது, எவ்வளையத்தார்க்கு 21 நாட் கழித்து இடுவது என்பதைத் திருவுளச்சீட்டுப் போல எழுந்தமானமாய்த் தெரிந்தனர். எபோலா உடலினுள்ளே வெளிப்படாது மறைந்திருத்தற்குரிய மிக நீண்ட காலம் 21 நாள். ஆதலின் அந்நாட் கணக்கு வகுக்கப்பட்டது. நீரூசி ஒருவர்க்கும் இல்லை. சம்மதித்தார் எல்லார்க்கும் மெய்யூசி உண்டு. வேறுபாடு காலத்தில் மாத்திரம். 51 வளையங்கள் உடனே ஊசி பெற்றன. 47 வளையங்கள் காத்திருந்தன.

விளைவு யாதெனின்: ஊசியின் சத்தி உடலில் எழுதற்குச் சில நாள் வேண்டுமாதலின், முதற் பத்து நாளில் நோயுற்றாரை இரு பக்கத்துங் கணக்கிற் கொள்ளாது விட்டனர். அதன்பின் உடனே ஊசி பெற்றாருள் ஒருவரும் நோயுறவில்லை. காத்திருந்த வளையங்களுள் 7 வளையங்களிலே 16 பேர் நோயுற்றனர். 2015 யூலையில் இவ்வேறுபாடு தெரியவந்தவுடனே, ஆராய்ச்சியைக் கண்காணித்த சபையார் சீட்டிடுதலை நிறுத்துவித்தனர். அன்றுதொட்டு வளையம் எதுவாயினும் உடனே ஊசி இடப்பட்டது. முன்னர் விலக்கப்பட்டிருந்த சிறுவர்க்கும், ஆறு வயது முதலாக, இடம் அளிக்கப்பட்டது.

இனி, நாம் கேட்கவேண்டியது அப்பதினாறு பேரைக் குறித்தே. ஊசி இல்லாமலிருந்திருப்பின் அவர் நோயுற்றது விதிவசம் என்று விட்டுவிடலாம். ஊசி அதே நாட்டிலே, குளிர்ப்பெட்டியில் இருந்தது. அயற்கிராமத்தான் பெற்றான், இவர் பெறவில்லை. காரணம் ஒரு சீட்டு. மற்றையோர் அறிவு பெறும்பொருட்டு ஒருவனைக் காத்திருக்க வைத்தல் அவனை ஒரு கருவியாக்குதலன்றோ?

அறியாமை நீங்காதவரையில் எவர்க்கு நன்மை செய்தோம், எவர்க்குத் தீமை செய்தோம் என்பது ஆராய்ந்தாருக்கே தெரியாது. ஆதலிற் குற்றமில்லை என்பர் ஒருசாரார். அற்றன்று, அவ்வைத்தியர் தம்முள்ளத்தே ஊசி காக்குமென்று எண்ணியே இருந்தனர். எண்ணாதவர் அத்துணைத் துன்பத்தை மேற்கொள்வாரோ என்பர் மறுசாரார். பின்னவர் சொல்வதில் உண்மையுண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் எண்ணம் வேறு, அறிவு வேறு. 2014இல் சீமப் என்னும் ஒரு மருந்தைச் சில மேனாட்டு வைத்தியத் தொண்டர்க்குக் கொடுத்தனர், பிழைத்தவர் உளர். அதனை ஆபிரிக்கர்க்குக் கொடாதது பெரும் அநீதி என்று உலகம் ஆரவாரித்தது. பின்னர்க் கொங்கோவிலே, 2018 நவம்பர் முதலாக, அதனையும் வேறு மூன்று மருந்துகளையும் சீட்டுமுறையால் 681 நோயாளர்க்குக் கொடுத்து ஒப்புநோக்கினர். சீமப் பெற்றாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தனர். வேறிரண்டு மருந்துகள் பெற்றாருள் இறந்தோர் மூன்றிலொரு பங்கினர் அளவினரே. அவ்விரண்டனுள் ஒன்று, 1995இல் கொங்கோவின் கிக்விட் நகரிலே எபோலாவினின்றும் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து ஆக்கப்பட்டது. அந்நாட்டவரும், 1976இல் முதற்பரவலின் இடத்திற்கே சென்று பணிசெய்தவருமாகிய வைத்தியர் ஷான்-ஷாக் முயெம்பே இவ்வாராய்ச்சியை நடத்தியவருள் முதன்மையானவர். சீட்டிடாது, இரக்கத்தையே பிரமாணமாகக் கொண்டு எல்லார்க்கும் சீமப்பையே கொடுத்திருந்தால், எத்துணைப்பேர் இரக்கத்தினாலே மாண்டிருப்பர்! மேனாட்டில் வசதியோடு கிடந்து பிழைத்த சிலரைக் கண்டு எழுந்த அன்னுவயம் அது.

ஆதலிற் கினியிற் செய்தது தகும் என்பதே எம் கருத்து. தகும் என்றமையாற் பதினாறு பேர் கணக்கினின்றும் நீங்கிவிடார். தக்க செயலிலும் கடன் பிறக்கும். தந்தை ஒருவன் இரு புதல்வருள் ஒருவனை மாத்திரம் கலாசாலைக்கு அனுப்ப வல்லவனாயின், அனுப்பியது பிழையன்று. வயலிலே நின்ற மற்றவனுக்குக் கற்றவன் கடன்படான் என்று சொல்வார் யாவர்? இன்று இவ்வூசியாற் காக்கப்படும் ஒவ்வொருவரும் அவ்வேழு வளையத்தார்க்குக் கடன்பட்டவர் என்க. சீட்டின் சிறப்பும் இங்கே கருதத்தக்கது. வளையத்தை அதிகாரிகள் தெரிந்திருந்தால் வேண்டியவரும் செல்வாக்குடையவரும் முந்தியிருப்பர். எழுந்தமானச் சீட்டுக்கு உறவினர் இல்லை.

சம்மதத்தைக் குறித்து ஒரு சொல். அஞ்சி நடுங்குபவனும் வறியவனும் ஆகிய ஒருவன், எழுத்தறியாதவனாயின் பெருவிரல் ஊன்றிக் கொடுக்கும் சம்மதம் சம்மதமாமோ என்பது எளிய வினாவன்று. 2014 செப்டெம்பரிற் கினியின் வோமே என்னும் ஊரில், நோயைப்பற்றி எடுத்துரைக்கச் சென்ற எண்மரை ஊரார் கொன்றனர். வெள்ளுடை தரித்து வருபவரே நோயைக் கொணருகின்றனர் என்னும் எண்ணம் அத்துணை வேரூன்றியிருந்தது. அத்தகைய நாட்டிலே, இது பரீட்சை, இன்னும் நிச்சயமில்லை, வேண்டாமெனின் விடலாம், காத்திருக்கவும் நேரும் என்று வீடுவீடாகச் சொல்லிப் பலர் மறுத்ததையும் ஏற்றுக்கொண்டு நடத்தியது சிறிய காரியமன்று. யாம் இளமையில் மிஷன் கலாசாலையிற் கற்ற ஆங்கில வாசகத்திலே ஜென்னர் வைத்தியரின் சரிதம் ஒரு பாடமாயிருந்தது. 1796 மே மாதத்திற் பசுவம்மைச் சீழை ஒரு தோட்டக்காரன் மகனுடைய கையிற் கீறி வைத்ததும், யூலையிற் பெரியம்மைச் சீழையே அவனுக்கு ஏற்றிச் சோதித்ததும், அவன் நோயுறாததும் மிக அழகாக எழுதப்பட்டிருந்தன. சிறுவனுக்கு வயது எட்டு. அவனை எவரேனும் கேட்டார்களோ என்று அப்பாடத்தின் முடிவிலிருந்த வினாக்களுள் ஒன்றேனும் கேட்கவில்லை. எமக்குங் கேட்கத் தோன்றவில்லை. நம் வகுப்புகளிலே ஜென்னர் பாடம் நடத்தும் ஆசிரியர் அவ்வினாவையுஞ் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

காக்கும் எண்ணமே கேடாதலும் உண்டு. கொங்கோவிலே 2018இல் தொடங்கி 2020இல் ஓய்ந்த பரவலில் 3,470 பேர் நோயுற்று 2,287 பேர் இறந்தனர். 3 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இவ்வூசி பெற்றனர். ஆயினும் கருப்பவதிகளுக்கும் முலையூட்டும் தாய்மார்க்கும் 2019 வரையில் அது மறுக்கப்பட்டது. முன்னைய ஆராய்ச்சிகளில் அவரைச் சேர்க்கவில்லையாதலின் அவர்க்கு அது நலமோ தீதோ தெரியாது என்பது காரணம். சேர்க்காமைக்குக் காரணமோ அவர்மேலுள்ள பரிவு. கருவுற்றவள் எபோலா உற்றாற் கரு பிழைப்பது மிக அரிது என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். பரிவினால் அறியாமலிருந்து, அறியாமையால் மறுத்து, மறுத்தமையால் அவரை நோயின் முன் நிறுத்தினர். இதிற் சீட்டும் இல்லை, நாட்கணக்கும் இல்லை, சம்மதங் கேட்பாரும் இல்லை.

தாமதம் என்னும் சொல் தமசு என்பதன் வழியாக வந்தது. முக்குணங்களுள் மயக்கத்தையும் மடியையும் குறிப்பது அது. கினியின் 21 நாட் காத்திருப்பை அக்குணத்தின்பாற் சேர்க்க எமக்கு மனமில்லை. அது விழித்த கண்ணோடு செய்த தாமதம், நாட்கள் எண்ணப்பட்டன, நோயுற்றவர் எண்ணப்பட்டனர், போதும் என்றவுடன் நிறுத்தப்பட்டது. அதனைப்பற்றி எத்தனையோ சபைகள் கூடி, எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டன. 2005க்கும் 2014க்கும் இடையிற் சென்ற தாமதத்தைப்பற்றி எந்தச் சபை கூடிற்று? குரங்கைக் காத்த ஊசி அவ்வொன்பது ஆண்டும் மனிதரிடத்தே முறையாகச் சோதிக்கப்படாது கிடந்தது. காரணம் மறைபொருளன்று. நோய் அரிது, வருவதும் வறியவரிடத்து, வாங்குவாரில்லாத மருந்துக்குப் பொருள் முடக்க வணிகர் முன்வரார், அரசாங்கங்களும் அவசரமாகக் கருதவில்லை. முதற்கட்டச் சோதனையேனும் அக்காலத்தில் முடிந்திருப்பின், 2014இன் நடுவிலேயே கினியில் வளையங்கள் வகுத்திருக்கலாம். அங்ஙனம் வகுத்திருந்தால் எத்துணைப்பேர் பிழைத்திருப்பர் என்பதற்குக் கணக்கில்லை. அவ்வாண்டுகளுக்கு வெதிரேகம் இல்லையாதலின் கணக்கிடவும் இயலாது. பதினாறு பேரை நாம் எண்ணி வருந்த முடிகின்றது. ஆராய்ந்தவர் எண்ணி வைத்தமையால் அது முடிகின்றது. எண்ணப்படாதவரை வருந்துவாரும் இல்லை. தருமநூல் வல்லார் பலர்க்கும் செய்த செயலே கண்ணிற் படுகின்றது. செய்யாது விட்டது படுவதில்லை.

ஹம்பேர்க் நகரத்து ஆய்வாளரை இங்கே மீண்டும் நினைக்க வேண்டுகின்றோம். அவருக்கு ஊசி கிடைத்தது நன்றே. அதனை நோக்கிப் பொறாமைப்படுவது எம் கருத்தன்று. 2009இலே ஒருவர்க்காக 48 மணித்தியாலத்திற் கடல் கடந்து செல்ல வல்லதாயிருந்த அதே ஊசி, ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்த கினியை அடைந்து வளையங்களாக இடப்படுவது 2015 ஏப்பிரல் மாதத்திலேதான். தூரம் பெரிதன்று. விமானமும் குளிர்ப்பெட்டியும் இரண்டு ஆண்டிலும் இருந்தன.

அவ்வூசிக்கு 2019இன் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது; 2021இல் 5 இலட்சம் ஊசிகளைச் சேமித்து வைப்பதற்கான உலகக் களஞ்சியமும் அமைக்கப்பட்டது. ஆயின் எபோலாவின் இனத்திலே சூடான் வைரசு என்னும் வேறொன்றும் உண்டு. 1976இற் சூடானிற் கண்டது அதுவே. அதனை இவ்வூசி தடுப்பதில்லை. 2022 செப்டெம்பரில் உகண்டாவில் அது பரவியபொழுது, அதற்கென ஆக்கப்பட்டுச் சோதனைக்குக் காத்திருந்த ஊசிகள் அந்நாட்டை அடைந்தது டிசம்பரில். அப்பொழுது நோய் ஓய்ந்துவிட்டது. வளையம் வகுக்க நோயாளர் இல்லை. 2025 யனவரி 30ஆந் தேதி அந்நோய் உகண்டாவின் தலைநகராகிய கம்பாலாவில் மீண்டும் வந்ததென அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 3ஆந் தேதி வளைய ஆராய்ச்சியின் முதலூசி இடப்பட்டது. நான்கு நாள். ஆராய்ச்சிக்குரிய விதிகள் முன்னரே எழுதப்பட்டிருந்தன. ஊசிகளும் நோய் வருமுன்னரே அந்நாட்டிற்குக் கொணரப்பட்டு, உகண்டாவின் குளிர்ப்பெட்டிகளிலேயே இருந்தன.